கிளாண்டுக்குள்ளே இருந்த கருப்பு டேப்

பேனலுக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, இரண்டு ஸ்பேனர் பிடித்து, கேபிள் பேனலுக்குள் நுழையும் வாயில் இருக்கும் பித்தளைக் கிளாண்டின் பின் நட்டைத் திருகினேன். எந்த முரண்டும் இல்லாமல் கழன்று வந்தது. உள்ளே ஆர்மர் பட்டைகள், அதாவது கேபிளைச் சுற்றியிருக்கும் ஸ்டீல் கவசப் பட்டைகள், கூம்பின் மேல் பூ விரிந்த மாதிரி சுற்றிலும் படிந்து நிற்க வேண்டும். அங்கே இருந்தது கருப்பு இன்சுலேஷன் டேப். விரலால் நெருடி முனையைக் கண்டுபிடித்து உரித்தேன். ஒன்பது சுற்று. டேப்புக்கு அடியில் கேபிளின் வெளி உறை. ஆர்மரை அந்த உறையோடு சமமாக அறுத்துத் தள்ளியிருந்தார்கள். ஒரு பட்டைகூட பித்தளையைத் தொடவில்லை.

கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு நூற்பாலை அது. பெயர் வேண்டாம். மில்லின் பின்கோடியில் கிணற்றை ஒட்டி ஒரு பம்ப் ஹவுஸ். மெயின் பேனலிலிருந்து அங்கே 80 மீட்டர் தூரம். மூன்றரை கோர் (மூன்று ஃபேஸ் கடத்தி, பாதி அளவில் ஒரு நியூட்ரல்), 35 சதுர மி.மீ. அலுமினியம் ஆர்மர்ட் கேபிள், மண்ணுக்குள் புதைத்தது. மெயின் பக்கம் 63 ஆம்பியர் எச்ஆர்சி ஃப்யூஸ். பம்ப் ஹவுஸில் ஒரு சின்ன பேனல், அதிலிருந்து 15 எச்பி மோட்டார். சாதாரண ஏற்பாடு, தமிழ்நாட்டில் எத்தனையோ மில்களில் இதே மாதிரிதான் இருக்கும்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். பம்ப் ஆபரேட்டர் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். "பேனலைத் தொட்டா சுர்ருங்குதுங்க." மழை ஈரம், கால் நனைந்திருக்கும் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அவர் பேனல் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்த கையை எடுக்க முடியவில்லை. சேற்றில் கால் வழுக்கி விழுந்ததில் உடம்பின் கனமே கையை இழுத்து விடுவித்தது. உள்ளங்கையில் ஆழமான தீக்காயம், ஒரு வாரம் ஆஸ்பத்திரி. உயிர் இருந்தது. கால் வழுக்கவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவரிடம் பேசியதில்லை, அவரும் பேசியதில்லை.

பேனலுக்குள் நடந்தது எளிமையான விஷயம். மெயினிலிருந்து வந்து சேரும் ஒரு ஃபேஸ் கம்பி, மவுண்டிங் பிளேட்டின் கூரான ஓரத்தில் உராய்ந்து உராய்ந்து இன்சுலேஷன் அறுந்திருந்தது. முதலில் லேசான கசிவு, அதுதான் அந்த சுர். அப்புறம் முழுசாகத் தொட்டுவிட்டது. பேனலின் இரும்பு உடம்பு மொத்தமும் லைன் ஆகிவிட்டது. இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் ஃப்யூஸ் வைத்திருக்கிறோம். ஃப்யூஸ் போகவில்லை. மூன்றும் முழுசாக இருந்தன.

மில் மேனேஜர் கேட்ட கேள்வி நியாயமானது. "பேனலுக்கு ரெண்டு எர்த் கம்பி போட்டிருக்கோம். பக்கத்திலேயே எர்த் பிட் இருக்குது. கரியும் உப்பும் போட்டு, வாராவாரம் தண்ணி ஊத்துறோம். அப்புறம் ஏன் சார் ஃப்யூஸ் போகலை?"

இதற்கான பதில் எனக்கு அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குத் தெளிவாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம்மில் பலருடைய மனசில் எர்த் என்றால் ஒரு படம் இருக்கிறது. கரண்ட் பூமிக்குள் இறங்கிக் கரைந்துவிடும், பூமி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் என்று. கரண்டுக்குப் பூமியில் ஒரு வேலையும் இல்லை. அது கிளம்பிய இடம் டிரான்ஸ்பார்மர், போய்ச் சேர வேண்டிய இடமும் அதே டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல். மண் வழியாகப் போனால் மண்ணைக் கடந்துதான் அங்கே திரும்ப வேண்டும். மண் மோசமான கடத்தி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சப்ளையை நிறுத்திவிட்டு எர்த் டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது பம்ப் ஹவுஸ் பிட் 3.2 ஓம் காட்டியது. கிணற்றோரம், மழைக்காலம், நல்ல ரீடிங்தான். மெயின் பக்கம் நியூட்ரல் எர்த் சுமார் 1 ஓம். கூட்டினால் 4.2 ஓம். ஃபேஸுக்கு 230 வோல்ட். 230ஐ 4.2ஆல் வகுத்தால் 55 ஆம்பியர். அவ்வளவுதான் ஃபால்ட் கரண்ட்! 63 ஆம்பியர் ஃப்யூஸுக்கு இது வழக்கமான லோடு. பம்ப் ஓடும்போது மோட்டாரின் இருபது சொச்சம் ஆம்பியரும் சேர்ந்தால்கூட மொத்தம் 75ஐ ஒட்டித்தான் வரும். இந்த வகை ஃப்யூஸ் தன் அளவில் ஒன்றேகால் மடங்கு வரை ஒரு மணி நேரம் உருகாமல் நிற்கும் என்பது அதன் தரத்திலேயே உள்ளது. 63க்கு ஒன்றேகால் மடங்கு 78. ஃப்யூஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

அந்த 55 ஆம்பியர் 3.2 ஓம் பிட் வழியாகப் போகும்போது பேனல் உடம்பில் நிற்கும் வோல்டேஜ் 176. அதைத்தான் அவர் கையில் பிடித்தார். பிட்டில் எரிந்த சக்தி கிட்டத்தட்ட ஒன்பதரை கிலோவாட். காவலுக்கு இருந்த பெரியவர் அதற்கு முந்தின நாள் ராத்திரி "எர்த் குழியிலிருந்து ஆவி மாதிரி வந்துச்சுங்க" என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. ஒன்பதரை கிலோவாட் என்பது பெரிய வாட்டர் ஹீட்டர் நாலைந்தை மண்ணுக்குள் புதைத்து ஆன் செய்து வைத்த மாதிரி. ஆவி வரத்தான் செய்யும்.

அந்தப் பிட்டுக்கும், மில்லின் எர்த்துகளை ஒன்றாகப் பிணைக்கும் மெயின் எர்த் கிரிட்டுக்கும் நடுவே எந்த இணைப்பும் இல்லை. பேனலின் இரண்டு எர்த் கம்பிகளும் அதே ஒரு பிட்டுக்குத்தான் போயின. டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப உலோகத்தாலான ஒரே பாதையாக இருந்திருக்க வேண்டியது அந்தக் கேபிளின் ஆர்மர். அந்தப் பாதையை ஒன்பது சுற்று டேப் அடைத்து வைத்திருந்தது.

ஆர்மர் எதற்கு என்று கேட்டால் வயர்மேன்களில் பத்தில் எட்டுப் பேர் சொல்வது: மண்வெட்டி படாமல் இருக்க, எலி கடிக்காமல் இருக்க. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கேபிள் டிரம்மின் மேல் ஏ டூ எக்ஸ் எஃப் ஒய் என்று எழுதியிருக்கும். அலுமினியக் கடத்தி, எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன், எஃப் என்றால் தட்டையான ஸ்டீல் பட்டை ஆர்மர், ஒய் என்றால் பிவிசி உறை. பட்டைக்குப் பதில் உருண்டைக் கம்பி என்றால் எஃப் இருக்கும் இடத்தில் டபிள்யூ வரும். பழைய பிவிசி கேபிளுக்கு இந்தியத் தரம் ஐஎஸ் 1554, எக்ஸ்எல்பிஇக்கு ஐஎஸ் 7098. கடைக்காரர் கேபிள் கொடுக்கும்போது அந்த எஃப் அல்லது டபிள்யூ வழியாக ஒரு எர்த் கடத்தியையும் சேர்த்தே கொடுக்கிறார். காசு கொடுத்து வாங்கியும் விட்டோம்.

அந்த மில் கேபிளின் அறுபட்ட முனையில் பட்டைகளை எண்ணினேன். 18 பட்டை. ஒவ்வொன்றும் 4 மி.மீ. அகலம், 0.8 மி.மீ. கனம். ஒரு பட்டைக்கு 3.2 சதுர மி.மீ., மொத்தம் 57.6. ஸ்டீல் செம்பைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு அதிக எதிர்ப்பு உள்ளது. ஆகவே இந்த ஆர்மர் 7 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குச் சமம். 80 மீட்டருக்கு எதிர்ப்பு சுமார் 0.2 ஓம். ஃபேஸ் கடத்தியின் எதிர்ப்பு அதே நீளத்துக்கு 0.07 ஓம். இரண்டும் சேர்ந்து 0.27, டிரான்ஸ்பார்மருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் 0.28. இப்போது 230ஐ வகுத்துப் பாருங்கள், 800 ஆம்பியருக்கு மேல் வருகிறது. 63 ஆம்பியர் ஃப்யூஸ் 800 ஆம்பியரைப் பார்த்தால் ஒரு விநாடிகூட நிற்காது. ஆபரேட்டருக்கு அந்த இரண்டு நாள் சுர் வந்திருக்கலாம், ஆனால் முழு ஃபால்ட் ஆன கணத்தில் பேனல் செத்துப் போயிருக்கும். அவர் கைப்பிடியைப் பிடிக்கும்போது அது வெறும் இரும்பாக இருந்திருக்கும்.

இரண்டு கணக்குக்கும் நடுவே உள்ள வித்தியாசம் இரண்டு முனையிலும் உள்ள கிளாண்டுதான். அதே கேபிள், அதே ஃப்யூஸ், அதே பிட்.

கிளாண்ட் என்பது கேபிளைப் பிடித்து நிறுத்தும் சாமான் என்று நினைப்பதால்தான் இது நடக்கிறது. ஃபேஸ் கம்பியின் முனையில் லக் போடும்போது எவ்வளவு கவனம் காட்டுகிறோம்! சரியான சைஸ் லக், சரியான டை, இரண்டு கிரிம்ப், இழுத்துப் பார்ப்பது. கிளாண்டும் ஒரு கடத்தியின் முனைதான். ஃபேஸில் போகும் அதே 800 ஆம்பியர் திரும்பி வரும்போது இந்தப் பித்தளைக்குள்தான் நுழைந்தாக வேண்டும். பட்டைகள் கூம்பில் சரியாகப் படியாமல் அந்தத் தொடுதலில் வெறும் 0.05 ஓம் இருந்தால்கூட, 800 ஆம்பியர் ஓடும் நேரத்தில் அந்த ஒரு இடத்தில் 32 கிலோவாட் எரியும். தீப்பொறி பறந்து ஒன்றிரண்டு பட்டை உருகி விலகினால் பாதை பாதியில் அறுந்துபோகும். ஒரு பட்டை தொட்டால் போதும் என்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

சட்டமும் இதைச் சொல்லாமல் விடவில்லை. 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் 61ஆம் விதி எர்த்திங்குக்கு உரியது. மின் கம்பியைப் பாதுகாக்கும் உலோக உறை எதுவானாலும் எர்த்தோடு சேர்க்க வேண்டும், ஜங்ஷன் பாக்ஸ் மாதிரித் திறப்புகள் வரும் இடத்தில் விட்டுப்போகாமல், நீளம் முழுக்க பிடிமானமும் மின் தொடர்பும் நன்றாக இருக்கும்படி இணைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2010ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறையில் 41ஆம் பிரிவாக இது தொடர்ந்தது. இன்று நடப்பில் இருப்பது 2023ல் வந்தது. எர்த்திங் எப்படிச் செய்வது என்பதற்கு ஐஎஸ் 3043 இருக்கிறது, 2018ல் திருத்தி வெளியிட்டார்கள். விதி அறுபது வருஷத்துக்கு மேல் பழையது. கிளாண்டைத் திறந்து பார்க்கிற பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

சரி, கிளாண்டை எப்படிப் போடுவது? நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே சொல்கிறேன்.

முதலில் சைஸ். கடையில் "35க்கு ஒரு கிளாண்ட் கொடுங்க" என்று கேட்காதீர்கள். ஒரே 35 கேபிள் கம்பெனிக்குக் கம்பெனி விட்டத்தில் ஒன்றிரண்டு மி.மீ. மாறும், மூன்றரை கோருக்கும் நாலு கோருக்கும் மாறும். வெர்னியர் எடுத்து வெளி உறையின் விட்டம், ஆர்மருக்குக் கீழே உள் உறையின் விட்டம் இரண்டையும் அளந்து, கிளாண்ட் கம்பெனி கொடுக்கும் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அந்த மில்லில் டேப் சுற்றியதற்குக் காரணம் வேறு எதுவும் இல்லை. கையில் இருந்த கிளாண்ட் ஒரு சைஸ் பெரிசு. கடைக்குத் திரும்பிப் போக அலுப்பு.

டபுள் கம்ப்ரெஷன் கிளாண்டில் பிடிமானம் இரண்டு இடத்தில். ஒன்று ஆர்மரைக் கூம்புக்கும் கோன் ரிங்குக்கும் நடுவே நசுக்கிப் பிடிக்கும். இன்னொன்று ரப்பர் வளையம் வெளி உறையை இறுக்கித் தண்ணீரை நிறுத்தும். சிங்கிள் கம்ப்ரெஷனில் பிடிமானம் ஒரே இடத்தில்தான். வெயிலும் மழையும் படும் இடத்தில், கிணற்றோரத்தில், சாயப்பட்டறையில் நான் சிங்கிள் போடவே விடமாட்டேன். தண்ணீர் உள்ளே போனால் பட்டையின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு வெள்ளை மாவாகப் பூக்கும். அதற்கப்புறம் கீழே இருக்கும் ஸ்டீல் சிவக்கத் தொடங்கும். மூன்று நாலு மழைக்காலம் போதும், பட்டை கையில் பிய்ந்து வரும்.

பின் நட், ரப்பர், கோன் ரிங் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் முதலிலேயே கேபிளில் கோத்துவிட வேண்டும். வெளி உறையை வட்டமாகக் கீறி உரித்த பிறகு ஆர்மரை அறுப்பது. இங்கேதான் கை நிதானம் வேண்டும். ஹாக்ஸாவைப் பட்டையின் கனத்தில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. பாதி அறுத்துச் சுற்றி வந்தபின் ஒவ்வொரு பட்டையாகப் பிடித்து மேலும் கீழும் இரண்டு தரம் வளைத்தால், கீறிய இடத்தில் டக்கென்று ஒடியும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். பதினெட்டுப் பட்டைக்கும் பதினெட்டு டக். முழுசாக அறுத்தவர்களின் ரம்பம் உள் உறையையும் கடந்து கோருக்குள் இறங்கியிருக்கும். அது வேறு ஒரு ஷார்ட்டில் போய் முடியும்.

கூம்பின் நீளத்துக்குத் தேவையான ஆர்மரை மட்டும் விட்டுவைக்க வேண்டும். கூடினால் கோன் ரிங் உட்காராது, குறைந்தால் நுனி மட்டும்தான் பிடிபடும். பட்டைகளைக் கட்டிங் பிளேயரால் லேசாக வெளிப்பக்கம் விரித்து, பழைய துணியால் துடைக்க வேண்டும். பட்டைக்கும் உறைக்கும் நடுவே ஒட்டியிருந்த பிவிசித் துணுக்கும் தூசியும் போனால்தான் உலோகம் உலோகத்தைத் தொடும். அப்புறம் கூம்பை உள் உறைக்கும் ஆர்மருக்கும் நடுவே நுழைத்து, பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்றிலும் பரவியிருக்கிறதா என்று பார்த்து, கோன் ரிங்கைத் தள்ளி, நட்டை இறுக்குவது. இறுக்கியபின் ஒரு முறை கழற்றிப் பாருங்கள் என்பேன். ஒவ்வொரு பட்டையிலும் கோன் ரிங் பதிந்த கோடு தெரிய வேண்டும். கோடு விழாத பட்டை வேலை செய்யாத பட்டை.

ஆர்மரைப் பின்னால் மடித்து முறுக்கிக் கட்டுக்கம்பியால் கட்டி, ஒரு துண்டு வயரை எர்த் போல்ட்டுக்கு இழுப்பவர்கள் உண்டு. ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குபவர்களும் உண்டு. மல்டிமீட்டரில் வைத்தால் சத்தம் வரும். ஃபால்ட் வந்தால் கட்டுக்கம்பி சிவந்து அறுந்துவிடும். ஒரு வேலையையும் குறை சொல்லிப் பழகியவன் அல்ல நான். இதை மட்டும் பார்த்தால் உடனே அறுத்துப் போடச் சொல்லிவிடுவேன்.

இவ்வளவும் செய்தாலும் பாதி தூரம்தான் வந்திருக்கிறோம். ஆர்மரிலிருந்து பித்தளைக்கு வந்தாயிற்று. பித்தளையிலிருந்து, பேனலுக்குள் எர்த் கம்பிகள் எல்லாம் சேரும் எர்த் பாருக்கு எப்படிப் போகும்?

கிளாண்ட் பிளேட் வழியாகப் போகும் என்று நம்புகிறோம். அந்த பிளேட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கமும் பவுடர் கோட்டிங். பவுடர் கோட்டிங் என்பது சூளையில் சுட்ட பிளாஸ்டிக், நல்ல இன்சுலேட்டர். அந்த பிளேட்டுக்கும் பேனல் உடம்புக்கும் நடுவே தூசி புகாமல் இருக்க சுற்றிலும் நியோப்ரின் கேஸ்கெட். அதுவும் இன்சுலேட்டர். ஆக கிளாண்ட் இறுகியிருப்பது பெயிண்ட்டின் மேல், பிளேட் உட்கார்ந்திருப்பது ரப்பரின் மேல். தொடர்பு இருந்தால் அது கிளாண்டின் மரையும் பிளேட்டின் நாலைந்து சின்ன போல்ட்டுகளும் தற்செயலாக எங்கேயோ பெயிண்ட்டைக் கீறிய இடத்தில்தான். 800 ஆம்பியரை நம்பி விடக்கூடிய பாதையா இது?

இதற்குத்தான் எர்த் டேக் இருக்கிறது. கிளாண்ட் மரையில் நுழைகிற பித்தளை வளையம், ஒரு பக்கம் காது நீட்டியிருக்கும், காதில் போல்ட் ஓட்டை. கிளாண்ட் கூடவே வாங்கலாம், சின்னச் செலவுதான். அதை பிளேட்டுக்கு உள்பக்கம், செக்நட்டுக்குக் கீழே வைத்து இறுக்கி, காதிலிருந்து பச்சை வயரை நேராக எர்த் பாருக்குக் கொண்டுபோக வேண்டும். வயரின் அளவு ஆர்மருக்குக் குறையாத அளவு. நம் 35 கேபிளுக்கு 10 சதுர மி.மீ. செம்பு போடுவேன். பிளேட்டையும் தனியாக ஒரு போல்ட் வைத்து, அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட்டை எமரி பேப்பரால் சுரண்டி, பல் உள்ள வாஷர் போட்டு எர்த் பாரோடு இணைக்க வேண்டும். இதைச் செய்துவிட்டால் பெயிண்ட்டும் கேஸ்கெட்டும் எப்படி இருந்தாலும் கவலை இல்லை.

இப்போது பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ்கள் நிறைய வந்துவிட்டன. துருப்பிடிக்காது, நல்ல பொருள். ஆனால் இரண்டு கேபிள் அந்தப் பாக்ஸில் சந்தித்தால் இரண்டு கிளாண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. இரண்டிலும் டேக் போட்டு, வயரால் இணைத்தே ஆக வேண்டும். இந்த ஒரு தவறை நான் பார்த்த இடங்களை எண்ணினால் இரண்டு கைவிரல் போதாது. அந்தப் பாக்ஸுக்கு அப்பால் இருக்கும் மோட்டார் எல்லாம் எர்த் இல்லாத மோட்டார்தான்.

"நாங்கதான் கேபிளோடவே ஜிஐ பட்டை ஓட்டியிருக்கோமே, ஆர்மர் எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. மோட்டாருக்கு இரண்டு தனி எர்த் வேண்டும் என்பது நம் நாட்டு விதி, துத்தநாகம் பூசிய அந்த இரும்புப் பட்டையைத் தனியாக ஓட்டுவது சரிதான். ஆனால் ஃபால்ட் கரண்டுக்கு ஒரு குணம் உண்டு. ஏசியில் போகிற பாதையும் திரும்புகிற பாதையும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு எளிதாக ஓடும், விலகி இருந்தால் நடுவே உண்டாகும் காந்தப்புலம் தடுக்கும். ஆர்மர் ஃபேஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிறது, ஜிஐ பட்டை தள்ளி எங்கோ டிரேயின் ஓரத்தில் போகிறது. அதனால் பட்டை இருந்தாலும் ஆர்மர் தன் பங்கைக் கேட்கும். கணிசமான பங்கு. அந்த நேரத்தில் கிளாண்ட் தயாராக இல்லை என்றால் அங்கேதான் பொறி பறக்கும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் யாராவது தவறாகச் செய்துவிடுவார்கள். டிரான்ஸ்பார்மரிலிருந்து மெயின் பேனலுக்கு வரும் பெரிய சிங்கிள் கோர் கேபிள்கள். ஒரே ஒரு ஃபேஸ் மட்டும் உள்ளே ஓடுவதால் ஆர்மரில் வோல்டேஜ் தூண்டப்படும். இரண்டு முனையையும் எர்த் செய்தால் ஃபால்ட் இல்லாத நேரத்திலும் ஆர்மரில் கரண்ட் சுற்றிக்கொண்டே இருந்து கேபிளைச் சூடாக்கும். அதனால் நீளத்தையும் லோடையும் கணக்கிட்டு, பல சமயம் ஒரு முனையை மட்டும் எர்த் செய்து மறு முனையைத் தனிமைப்படுத்துவார்கள், கூடவே எர்த் கடத்தியைத் தனியாக ஓட்டுவார்கள். அந்தக் கேபிள்களின் ஆர்மர் அலுமினியம், கிளாண்ட் பிளேட்டும் அலுமினியமாக இருக்க வேண்டும். இரும்பு பிளேட்டில் மூன்று தனி ஓட்டை போட்டு சிங்கிள் கோர் நுழைத்த ஒரு பேனலில், கை வைக்க முடியாத அளவுக்கு பிளேட் கொதித்ததைத் தொட்டே பார்த்திருக்கிறேன். இதைக் கேள்விப்பட்டுவிட்டு, மூன்றரை கோர் கேபிளுக்கும் "ஒரு பக்கம்தான் எர்த் பண்ணணும்" என்று சொல்லுகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். மல்டி கோர் கேபிளுக்கு இரண்டு பக்கமும்தான்.

இன்னொன்று. மேலே போட்ட 800 ஆம்பியர் கணக்கு சொந்த டிரான்ஸ்பார்மர் உள்ள எச்டி (உயர் அழுத்த) இணைப்புக்கு. அங்கே நியூட்ரலும் எர்த் கிரிட்டும் நம் வளாகத்திலேயே சேர்கின்றன. வீடு, தோட்டம், சின்னப் பட்டறைக்கு வரும் எல்டி (தாழ்வழுத்த) சர்வீஸில் எர்த் என்பது நாமே போடும் பிட்தான். அங்கே ஆர்மரை ஒழுங்காக இணைத்தாலும் மண் வழிதான் பெரும்பாலும் பாதை, ஃப்யூஸை நம்ப முடியாது. கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையை அறுக்கும் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். தோட்டத்து மோட்டாருக்கு அது இல்லாமல் சப்ளை கொடுக்காதீர்கள் என்று விவசாயி நண்பர்களிடம் கெஞ்சியே கேட்டிருக்கிறேன்.

சோதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கேபிள் போட்டவுடன் மெக்கர் பார்ப்போம், 500 மெகா ஓம் வந்தால் சந்தோஷம். மெக்கர் இன்சுலேஷனைத்தான் சொல்லும். ஆர்மர் முனையில் தொங்கிக்கொண்டிருந்தால் மெக்கர் ரீடிங் இன்னும் நன்றாகவே இருக்கும்! மல்டிமீட்டர் பீப்பும் உதவாது. பல மீட்டர்கள் முப்பது ஓமுக்குக் கீழே எதற்கும் பீப் அடிக்கும். நமக்குத் தேவை 0.2 ஓமுக்கும் 0.6 ஓமுக்கும் உள்ள வித்தியாசம். லோ ரெசிஸ்டன்ஸ் ஓம் மீட்டர் வைத்து ஆர்மரை முனைக்கு முனை பார்க்க வேண்டும், அல்லது சப்ளை கொடுத்தபின் கடைசி முனையில், கரண்ட் போய்த் திரும்பும் முழுப் பாதையின் எதிர்ப்பைக் காட்டும் லூப் இம்பிடன்ஸ் டெஸ்டர். முதலில் பட்டையை எண்ணி ஓம் எவ்வளவு வர வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட்டு மீட்டரை வைக்கச் சொல்வேன். எழுதாமல் அளந்தால் எந்த ரீடிங்கும் நல்ல ரீடிங்காகத் தெரியும்.

அந்தப் பம்ப் ஹவுஸில் கடைசியில் என்ன செய்தோம்? சரியான சைஸில் இரண்டு டபுள் கம்ப்ரெஷன் கிளாண்ட். இரண்டு முனையிலும் டேக், எர்த் பாருக்கு வயர். மெயின் எர்த் கிரிட்டிலிருந்து பம்ப் ஹவுஸ் பிட் வரை 25க்கு 6 ஜிஐ பட்டை. உராய்ந்த கம்பியை மாற்றி, மவுண்டிங் பிளேட்டின் ஓரத்துக்கு ரப்பர் பீடிங். இரண்டு நாள் வேலை. லூப் டெஸ்டர் 0.21 காட்டியது. பட்டையும் ஆர்மரும் சேர்ந்து கொடுத்த ரீடிங் அது. ஆபரேட்டர் வேலைக்குத் திரும்பி வந்தபோது பேனலைத் தொடத் தயங்கினார். நான் கையுறை இல்லாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவரோடு பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவரும் பிடித்தார்.

போன மாதம் ஒரு சாயப்பட்டறையில் புதுப் பேனல். பன்னிரண்டு கேபிள், இருபத்து நாலு கிளாண்ட். எல்லாவற்றுக்கும் மேல் மூடியாக ஷ்ரவுட் மாட்டி அழகாக முடித்து வைத்திருந்தார்கள். ஏழாவது கேபிளின் ஆர்மரில் 0.19 ஓம் வர வேண்டிய இடத்தில் 0.61. கிளாண்ட் போட்ட தம்பிக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். "நல்லா டைட் பண்ணித்தானுங்க சார் போட்டேன்" என்றான். பொய் சொல்லவில்லை, கிளாண்ட் டைட்டாகத்தான் இருந்தது. ஷ்ரவுடை இறக்கி, நட்டை அவனையே கழற்றச் சொன்னேன். பட்டைகளில் பாதி கூம்பின் மேல், மீதி கூம்புக்கு அடியில் மாட்டி உள் உறையை அழுத்திக்கொண்டிருந்தன. மேலே இருந்தவற்றிலும் நாலைந்தில்தான் கோடு விழுந்திருந்தது. விரலால் காட்டினேன். அவன் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். கூம்பை வெளியே இழுத்து, பட்டைகளைத் திரும்ப விரித்து, துடைத்து, உட்கார வைத்து இறுக்கினான். நான் சொல்லாமலே மறுபடி கழற்றிக் கோடுகளைப் பார்த்தான். மறுபடி இறுக்கி மீட்டரை வைத்தோம். 0.19.

அவன் ஷ்ரவுடை மேலே ஏற்றவில்லை. மீதி ஐந்து கேபிளின் ஷ்ரவுடையும் வரிசையாக இறக்கிக்கொண்டே போனான்.